வரிசையில் நின்ற செருப்பு

தூணருகே விட்டுப் போன செருப்பைக் காணோம்.

அவள் குனிந்து பார்த்தாள். அந்த இடத்தில் இப்போது யாருடையதோ ரப்பர் செருப்பு கிடந்தது. அதற்குப் பின்னால் ஒரு தண்ணீர் பாட்டில். அதற்கும் பின்னால் ஒரு மஞ்சள் பை.

பெரியாஸ்பத்திரி ஸ்கேன் அறைக்கு வரிசை இப்படித்தான் நிற்கும். செருப்புகள் நிற்கும். ஆட்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள்.

அவளும் உட்கார்ந்துதான் இருந்தாள். உட்கார உட்காரப் பயம் ஏறியது. பேசாமல் ஊருக்கே போய்விடலாம் என்று எழுந்து வந்துவிட்டாள். மார்பில் இருக்கிற கட்டி அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும். இத்தனை நாள் இருக்கவில்லையா?

ஊர் ஆஸ்பத்திரி டாக்டரம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, "பெரியாஸ்பத்திரில ஒரு ஸ்கேன் பாத்துரலாம்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தாள். கொடுக்கும்போது சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் இவளுக்குப் பயம் பிடித்தது.

பெரியாஸ்பத்திரிக்கு எழுதிவிட்டார்கள் என்றால் இவள் தெருவில் அதற்கு அர்த்தமே வேறு. சொந்தபந்தம் ஆளுக்கு நாலு ஆப்பிளோடு வந்து, குரலைத் தணித்துப் பேசிவிட்டுப் போகும்.

அதனால் யாரிடமும் சொல்லவில்லை. புருஷனிடம்கூட. டவுனில் ஒரு சடங்குவீடு என்று சொல்லிக் கிளம்பினாள்.

"சடங்குவீட்டுக்கு ஊக்குப் போட்ட செருப்போடவா போவே?" என்று மதினிதான் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தாள். சிவப்பு வெல்வெட் வார். மேலே பளபளவென்று கல்.

அந்தச் செருப்பைத்தான் இப்போது காணோம்.

சடங்குவீட்டில் தொலைந்தது என்றால் மதினி நம்புவாள். நம்பிவிட்டு, ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவாள்.

தூரத்தில் கல் மினுங்கியது.

ஸ்கேன் அறை வாசலில். வரிசைக்கே முதலில்.

அதற்குப் பின்னால், ஆஸ்பத்திரியையே கட்டியவள் போல ஒரு பச்சைச் சேலைக்காரி நின்றிருந்தாள். கையில் நாலாக மடித்துக் கசங்கிய சீட்டு. வரிசை நகர நகர, தன் செருப்பையும் முன்னாலிருந்த சிவப்புச் செருப்பையும் காலாலேயே தள்ளிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"ஒன்னுதா? எங்கத்தா போன? ஒருத்தி எடுத்து ஓரமா வைக்கப் பாத்தா. விடுவேனா நானு?"

அவள் செருப்பைக் கையில் எடுத்தாள். "நான் ஊருக்குப் போறேன்க்கா."

"போறியா? தூண்லருந்து தள்ளிட்டு வந்து எம் பெருவிரலே தேஞ்சுபோச்சு. போறாளாம்ல!"

பிறகு பச்சைச் சேலைக்காரி இவள் முகத்தைப் பார்த்தாள். குரல் இறங்கியது.

"எழுதிக் குடுத்தா சாகப்போறோம்னா அர்த்தம்? அங்க மிசினு இல்ல. இங்க இருக்கு. அவ்வளவுதான். உள்ள போத்தா."

கதவு திறந்தது. முதுகில் விழுந்த தள்ளில் கையிலிருந்த செருப்பு வாசலிலேயே நழுவியது. அத்தனை தூரம் செருப்பைத் தள்ளியவளுக்கு ஆளைத் தள்ளுவதா கஷ்டம்?

உள்ளே குளிர். மார்பில் ஜில்லென்று ஏதோ பசையைத் தடவினார்கள்.

டாக்டர் பெண் திரையையே பார்த்தாள். இவள் மாரியம்மனுக்கு ஒரு மாவிளக்கு நேர்ந்துகொண்டாள்.

டாக்டர் பெண் இன்னும் பார்த்தாள். இவள் ஒரு கிடாயையும் சேர்த்துக்கொண்டாள்.

"வெறும் நீர்க்கட்டிதாம்மா. பயப்பட ஒண்ணுமில்ல. ஆறு மாசம் கழிச்சு ஒருதடவ வந்து காட்டுங்க."

கிடாய் விஷயத்தில் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டோமோ என்று இருந்தது.

சேலையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. வாசலில் கிடந்த சிவப்புச் செருப்பைப் போட்டுக்கொண்டாள். புருஷனுக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். முதலில் அந்த அக்காவிடம் சொல்ல வேண்டும்.

அக்காவைக் காணோம்.

அவள் செருப்பு மட்டும் கிடந்தது. பழைய பழுப்புச் செருப்பு. அதிலும் ஒரு வாரில் ஊக்கு.

"அடுத்தது யாரு?" ஆயா கதவைப் பிடித்தபடி கேட்டாள்.

வாசலில் நின்றபடியே தேடினாள். டீக்கடையில் இல்லை. வேப்பமரத்தடியில் இல்லை.

கேட்டுக்கு வெளியே பச்சைச் சேலை தெரிந்தது. உச்சி வெயில். தார் ரோட்டில் கால் மாற்றிக் கால் வைத்துக்கொண்டு, பஸ் வரும் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சீட்டு இன்னும் கையில் இருந்தது.

இவள் காலடியில் கிடந்த ஊக்குச் செருப்பை ஒருமுறை பார்த்தாள். நிஜமாகப் போகிறவள் செருப்பைப் போட்டுக்கொண்டல்லவா போயிருப்பாள்?

"யாருன்னு கேக்குறேன்ல?"

பின்னாலிருந்து யாரோ முன்னே வந்தார்கள். அவள் சட்டென்று குறுக்கே நின்றாள்.

"எங்கக்கா. செருப்பு இருக்குல்ல, ஆளு வந்துரும்."

பழுப்புச் செருப்பைக் காலால் மெல்லத் தள்ளி வாசற்படியை ஒட்டி வைத்தாள்.

பிறகு மதினியின் வெல்வெட் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். கேட்டைப் பார்த்து ஓட ஆரம்பித்தாள்.

தரை பொசுக்கியது. "யக்கா!" என்று கத்திக்கொண்டே ஓடினாள்.