பாதியில் நின்ற நிரை

"பாதி நெரைக்கு முழுக் கூறா? எந்த ஊரு நியாயம் இது?"

நல்லமுத்து போட்ட சத்தத்தில், லீக்ஸ் தண்டு அலசிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்தினார்கள்.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்குக் கீழே, தேயிலை பட்டுப்போய்க் கிடந்த தரிசில் எல்லாருமாகச் சேர்ந்து போட்ட மரக்கறித் தோட்டம் அது. ஞாயிறு காலை, கொழுந்து பறிக்கிற மலையில் நிற்கிற மாதிரியே ஆளுக்கொரு நிரை. களை பிடுங்கி நிரையை முடித்தால், அன்றைக்குப் பிடுங்குகிற மரக்கறியில் ஒரு கூறு. கை வைக்காதவருக்குக் கூறு கிடையாது.

சட்டம் போட்டது நல்லமுத்துதான். மூட்டை தூக்கித் தொடங்கி, தலவாக்கலையில் சொந்தமாக மரக்கறிக் கடை போட்டவன். பேரத்தில் அவனை மடக்க இன்னொருத்தன் பிறந்து வரவேண்டும்.

பேச்சியம்மா தன் கூறைப் பையில் அள்ளிக்கொண்டே சொன்னாள்.

"பொழுது சாயிறதுக்குள்ள மீதியும் முடிஞ்சிரும்ணே."

"யாரு முடிப்பா? நீயா?"

அவள் பையின் வாயை இறுக்கி முடிந்தாள்.

அதுதான் நல்லமுத்துவைக் குடைந்தது. திங்கட்கிழமை வந்து பார்த்தால் அவள் நிரை துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். ஆனால் ஞாயிறு பின்னேரம் முழுக்க அவள் தண்ணீர் விழுகிற பீலிக்கரையில் துணி துவைக்கிறதை லயமே பார்க்கிறது. அப்படியானால் பிடுங்குவது யார்?

"பேயி வந்து புடுங்குது போல!" என்று சிரித்தான் பக்கத்து நிரை கிஷாந்த்.

"பேயாவது, நாயாவது! எவளோ ஒரு வாயில்லாதவள மெரட்டி வேல வாங்குறா. மலையில மொத எடை இவளுது. இங்க வந்தா மட்டும் இடுப்பு வளையாதாக்கும்? இந்தா பாரு பேச்சி, அடுத்த வாரத்திலருந்து ஒனக்குக் கூறும் இல்ல, நெரையும் இல்ல."

பேச்சியம்மாவின் முகம் செத்துப்போனது.

"கூறு வேணும்னா கொறச்சுக்கங்கண்ணே. நெரைய மட்டும் எடுத்துறாதீங்க."

நல்லமுத்து முழித்தான். கூலி வேண்டாம், வேலை வேண்டும் என்கிறாளே! இப்படித் தலைகீழாகப் பேரம் பேசுகிற ஆளை அவன் மார்க்கட்டில்கூடக் கண்டதில்லை.

அன்றைக்குப் பின்னேரம் கடைக்குப் போகவில்லை. உரம் வைக்கிற பசளைக் கொட்டிலுக்குப் பின்னால் குந்திக்கொண்டான். காலில் அட்டை ஏறியது. சத்தம் போடாமல் பிடுங்கி எறிந்தான். வரட்டும், அவள் பிடித்து வைத்திருக்கிற ஆள் யாரென்று இன்றைக்குத் தெரிந்துவிடும்.

பனிமூட்டத்துக்குள் ஓர் ஆள் லயத்துச் சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்தது.

இராமையா!

போன மாரியில் வாதம் அடித்து ஒரு பக்கம் விழுந்துபோன மனிதர். லயத்து ஆட்கள் அவர் வீட்டுக்குத் தோட்டத்துக் கோவாவும் கரட்டும் அனுப்பிப் பார்த்தார்கள். "ஒழைக்காதத திங்க மாட்டேன்" என்று வந்த பையை வந்த கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவர் நிரையோரம் உட்கார்ந்தார். வலது கை சும்மா தொங்கியது. இடது கையால் சுரண்டியைப் பிடித்து, புல்லைச் சுரண்டிச் சுரண்டி, இருந்த இருப்பிலேயே நகர்ந்தார்.

நல்லமுத்துவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மாமா! ஒங்களையா? ஒடம்பு முடியாத மனுசன்கிட்டப் போயி வேல வாங்குறாளே, அவளெல்லாம் ஒரு..."

"கத்தாத மாப்ள." இராமையா சுற்றுமுற்றும் பார்த்தார். "அந்தப் புள்ளைக்கு இடுப்பு சரியில்ல. குந்தி எந்திரிக்க முடியலன்னு எங்கிட்ட வந்து அழுதுச்சு. வெளிய தெரிஞ்சா நீங்க நெரைய எடுத்துருவீங்களாம்ல?"

"இடுப்பா? அவளுக்கா? நேத்து மடுவத்துல..."

நல்லமுத்து சட்டென்று நிறுத்திக்கொண்டான். நேற்றுத்தான் நிறைந்த கொழுந்து மூட்டையைத் தலையில் வைத்து, ஆடாமல் அசையாமல் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு ஏறிப் போனாள் பேச்சியம்மா. வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினான்.

"நேத்து என்னா?"

"ஒண்ணுமில்ல மாமா. நடக்கக் கஷ்டப்பட்டுச்சு. பாத்தேன்."

"பாவம்டா. இதுல ரோசம் வேற! பாதி வேல செஞ்ச ஆளு பாதிக் கூறு எடுத்தே ஆகணும்னு ஒத்தக் கால்ல நிக்குது. ஒழச்சதுதானேன்னு நானும் வாங்கிக்கிறேன்." கையிலிருந்த புல்லை உதறிப் போட்டார். "நான் வந்து ஒதவுறத யாருகிட்டயும் சொல்லிறாத. அந்தப் புள்ள மானம் போயிரும்."

"சொல்ல மாட்டேன் மாமா."

அடுத்த ஞாயிறு. வேலை முடிந்து கூறு போட உட்கார்ந்ததும் கிஷாந்த் கத்தினான்.

"அண்ணே, பேச்சியக்கா நெரை இன்னைக்கும் பாதிதான்! எடுத்துருவமா?"

"கெடக்கட்டும், விடு."

"அப்ப சட்டம்?"

"போட்டவனே சொல்றேன்ல, விடுடா!"

கிஷாந்த் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பினான். திரும்பினவன் அப்படியே நின்றான்.

"என்னாண்ணே இது! ஒங்க நெரையிலயும் கடைசியில புல்லு அப்படியே நிக்குது?"

பேச்சியம்மா வெடுக்கென்று நிமிர்ந்து நல்லமுத்துவைப் பார்த்தாள். அவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"முடியலடா. வயசாகுதுல்ல? பொழுது சாயிறதுக்குள்ள மீதியும் முடிஞ்சிரும்."

"கடை வச்ச ஒடனே ஆளுக்குச் சோம்பேறித்தனம் வந்துருச்சு" என்று யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள்.

நல்லமுத்து காதில் அது நன்றாகவே விழுந்தது. கோபம்தான் வரவில்லை.