மழைக்குப் புதைத்த பாட்டில்

மழை வந்து கல்யாணத்தைக் கெடுக்காமலிருக்க, கென்டக்கி வழக்கப்படி ஒரு மாதம் முன்பே தோட்டத்தில் தலைகீழாகப் புதைத்த பர்பன் விஸ்கி பாட்டிலைக் கல்யாண நாளன்று வெர்ஜில் தோண்டி எடுத்தார். விஸ்கி வடிசாலையில் முப்பது வருடம் ருசி பார்த்தவர். மணப்பெண்ணான மகள் கோரா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் ஒரு மடக்கை நாக்கில் உருட்டினார். "வெனிலா வாசம், கருகின ஓக்கு, கடைசில லேசா மிளகுக் காரம். அபாரம்!"

மாப்பிள்ளை கிளேவும் குடித்தான்.

கோரா அப்பாவை ஓரங்கட்டினாள். "காட்டிக் கொடுக்காததுக்கு தேங்க்ஸ்ப்பா. கிளே குடியை விட்டு ரெண்டு வருஷமாச்சு. அதான் போன வாரம் பாட்டில மாத்தி, டீ ஊத்தினத வெச்சேன்."

வெர்ஜில் விழித்தார். "அப்ப நான் புதைச்சது?"

"உங்க வடிசாலை ஆளுங்களுக்கு ஊத்திக்கிட்டிருக்காங்க."

"ஐயோ, நிறுத்தச் சொல்லும்மா! இருபது வருஷச் சரக்க மண்ணுல போட மனசு வரல. அதுவும் டீதான்!"