பதினேழாம் புட்டி

கோதுமை ஆராய்ச்சி நிலையத்தின் அலமாரியில் நாற்பது கண்ணாடிப் புட்டிகள் இருந்தன. ஒரே வயலில், வருடா வருடம் அறுவடை முடிந்ததும் அள்ளிய மண். மண்ணின் கரிமச்சத்து ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது. பதினேழாம் ஆண்டில் மட்டும் குபீரென்று ஏறியிருந்தது; இருபத்தொன்றில் மட்டும் தொபுக்கென்று விழுந்திருந்தது. அந்த ஏற்ற இறக்கத்துக்கு 'கரிமத் துள்ளல் கோட்பாடு' என்று பெயர் சூட்டித்தான் இயக்குநர் ஆராவமுதன் முனைவர் பட்டம், பதவி, பொன்னாடை எல்லாம் வாங்கினார்.

நாளை வரப்போகும் புது இயந்திரம் மண்ணின் பூர்வீகத்தையே சொல்லிவிடுமாம். ஆய்வக உதவியாளர் பெள்ளிக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. ஓய்வுபெற மூன்றே மாதம். இப்போதா வேலை போகவேண்டும்? அவரே இயக்குநரின் முன்னால் போய் நின்றுவிட்டார்.

"பதினேழாம் புட்டி என் கையிலதாங்கய்யா உடைஞ்சுது. பயத்துல உங்க ரோஜாத் தொட்டி மண்ண அள்ளி வேற புட்டியில போட்டு வெச்சிட்டேன்."

இயக்குநர் எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டார். திரும்பியபோது அவர் முகத்தில், பொன்னாடை போர்த்தியபோதுகூட வராத ஒரு நிம்மதி.

"இருபத்தொண்ணு நான் உடைச்சதுய்யா. உள்ள இருக்கறது என் வீட்டு அஸ்திவாரம் தோண்டின மண்ணு."

பெள்ளிக்குச் சட்டென்று பசித்தது. முக்காலி போட்டு ஏறி, கைக்கு ஒன்றாக இரண்டு புட்டிகளையும் எடுத்தார்.

"பாத்துய்யா, கீழ போட்டுடாதே!" என்றார் இயக்குநர், பழக்கதோஷத்தில்.

பெள்ளி முக்காலி மேலேயே நின்று அவரைக் குனிந்து பார்த்தார்.

"போட்டாத்தான் என்னங்கய்யா?"