மிச்சமிருந்த சுரம்

எங்கள் இணைய இசைக்குழுவில் மூன்று பேர்: பல் டாக்டர், தையல்காரர், லிஃப்ட் மெக்கானிக்கான நான். ஸ்தாயியைப் பன்னிரண்டுக்குப் பதில் பத்தொன்பது சுரங்களாகப் பிரித்து, ஆளுக்கு ஆறு எடுத்துக்கொண்டோம். அவரவர் வீட்டில் வாசித்து அனுப்புவதை நான் ஒன்றுசேர்ப்பேன். மிச்சமிருந்த ஒரு சுரத்தை யாரும் தொடவில்லை. முதல் பாட்டிலேயே அதுவும் சரியான இடத்தில் கேட்டது. மூவருமே, "நான் இல்லப்பா" என்றோம்.

"யாரா இருந்தா என்ன, நம்மளவிட நல்லா வாசிக்குது" என்றார் டாக்டர்.

ஆறு பாட்டு அப்படியே ஓடியது. பிறகு தையல்காரரின் மனைவியும் சேர்ந்தார். மிச்சச் சுரத்தை அவருக்குக் கொடுத்தோம். டாக்டருக்குத்தான் மனசு கேட்கவில்லை.

"அது கோவிச்சுக்கிட்டுப் போயிடாதே?"

புதுப் பாட்டை ஒன்றுசேர்த்து எண்ணினேன். இருபது சுரங்கள்.

"போகல டாக்டர்," என்றேன். "அக்காவுக்கு இடம் விட்டுத் தள்ளி உக்காந்திருக்கு."