வரிக்கு ஒரு படம்

“நிறுத்துய்யா அதை!”

பாடலாசிரியை போட்ட சத்தத்தில் எடிட்டர் மவுஸை விட்டுவிட்டார். திரையில் ஒரு கதவு பாதி திறந்தபடி நின்றது.

“கதவுன்னு எழுதினா கதவைக் காட்டுறான். நிலான்னா நிலா. குடைன்னா குடை. இது பாட்டுக்கு எடுத்த வீடியோவா, பாப்பா புத்தகமா?”

“வரிக்கு ஏத்த மாதிரி இருக்கட்டுமேன்னுதான், அக்கா…” என்றார் இயக்குநர். முப்பது வயது. பல வருஷம் உதவியாளராக அலைந்து, இப்போதுதான் முதல் வேலை கிடைத்திருக்கிறது.

“கதவுன்னு நான் எழுதினது மனசை, தம்பி! நீ தச்சுப்பட்டறைக் கதவைப் படம் பிடிச்சிட்டு வந்திருக்கே. பாட்டு ஒண்ணு சொல்லணும், படம் வேறொண்ணு சொல்லணும். ரெண்டும் உரசுற இடத்துலதான் கதை பிறக்கும். இதுகூடத் தெரியாம எதுக்கு இந்தத் தொழிலுக்கு வந்தே?”

தயாரிப்பாளர் தலையைச் சொறிந்தார். வெள்ளிக்கிழமை வெளியீடு.

“ஏன்யா இப்படி எடுத்தே? காரணம் இருந்தா சொல்லித் தொலையேன்.”

இயக்குநர் வாயைத் திறந்தார். சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

“ஒண்ணும் இல்ல, சார். எனக்கு இவ்வளவுதான் தெரியும்.”

“கேட்டீங்களா? அவன் வாயாலயே வந்துருச்சு! தப்பையெல்லாம் சாயங்காலத்துக்குள்ள எழுதி அனுப்புறேன். வேற ஆளை வெச்சு எடுங்க. இல்லைன்னா என் பேரை எடுத்துடுங்க.”

வீட்டுக்கு வந்ததும் கைப்பையை வீசிவிட்டு உட்கார்ந்தாள். போனில் வீடியோவை ஓடவிட்டு, நிறுத்தி நிறுத்தி, குற்றப்பத்திரிகை எழுத ஆரம்பித்தாள்.

பக்கத்து நாற்காலியில் கணவர். ஏழு மாதத்துக்கு முன் வந்த பக்கவாதம் கையையும் காலையும் ஒருவழியாகத் திருப்பித் தந்துவிட்டது. பேச்சை மட்டும் வைத்துக்கொண்டது. தண்ணீர் வேண்டுமென்றால் தண்ணீரைப் பார்ப்பார், பேர் வராது. படம் போட்ட அட்டைகளைக் காட்டி அவள் சொல்லித்தந்தால், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

வீடியோ நான்காவது முறை ஓடியபோது, அவள் பேனா நின்றது.

யாரோ கூடவே பாடுகிறார்கள்.

“க…தவு…”

அவள் அசையவில்லை. திரும்பினால் நின்றுவிடுமோ என்ற பயம்.

திரையில் நிலா வந்தது. “நிலா…” ராகத்தோடு இழுத்தது அந்தக் கரகரத்த குரல்.

‘குடையை மறந்து நீ வந்தாய்’ என்ற வரி. படத்தில் கதாநாயகன் விரலை நீட்டி, நனைந்து நின்ற பெண்ணைக் காட்டினான். கணவரும் விரலை நீட்டினார். போனைப் பார்த்து அல்ல.

“நீ,” என்றார்.

எழுதி வைத்திருந்த காகிதத்தில் மை கலங்கியது. வெகு நேரம் கழித்துத் தயாரிப்பாளரைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, அந்த வீடியோவுல யாராவது கை வெச்சா நான் மனுஷியா இருக்க மாட்டேன். அடுத்த மூணு பாட்டையும் அந்தத் தம்பிதான் எடுக்கணும்.”

“காலையில வேற மாதிரி சொன்னீங்களே, மேடம்?”

“காலையில எனக்கு அறிவில்ல, அண்ணே.”

அடுத்து இயக்குநரை அழைத்தாள். “உண்மையைச் சொல்லு, தம்பி. எங்க வீட்டுக்கு நீ எப்போ வந்தே?”



“போன மாசம், பாட்டு வாங்க வந்தேன், அக்கா. ஜன்னல் வழியாத் தெரிஞ்சது. நீங்க அட்டை காட்டிட்டு இருந்தீங்க, அவர் பார்க்கவே இல்ல. மணி அடிக்காமத் திரும்பிட்டேன். எங்க சித்தப்பாவுக்கும் இதே மாதிரிதான். பேசச் சொன்னா வராது, பாட்டுன்னா வந்துரும். அதான், பாட்டோட படத்தையும் ஒட்டிப் பார்ப்போம்னு…”

“உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலடா. அவ்வளவு திட்டினேனே, அங்கேயே சொல்லியிருக்கலாம்ல? வேலையே போயிருக்குமே!”

“எப்படிக்கா சொல்றது? மாமா வெளியூர்ல நல்ல வேலையில இருக்கார்னு, அங்க இருந்த எல்லார்கிட்டயும் நீங்க சொல்லி வெச்சிருக்கீங்க.”