முகம் மட்டும் போதுமாம்

"முகம் மட்டும் போதுமாம். பவுடர் போடக் கூடாதாம். முடியை இழுத்து வாரி, கண்ணோரத்து நெற்றிப்பொட்டு ரெண்டும் நல்லாத் தெரியணுமாம். சிரிக்கவும் கூடாதாம்."

வந்திருந்த மெயிலை ஸ்டூடியோக்காரர் மனைவிக்கு உரக்கப் படித்துக் காட்டினார்.

"பெத்த அம்மாவைப் படம் எடுக்கச் சொல்றானா, பிக்பாக்கெட்டை எடுக்கச் சொல்றானா?"

மனைவி பிரேம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "மாசாமாசம் எதுக்காம்?"

"உயிரோட இருக்காங்களான்னு பார்க்கிறான் போல. கப்பல்ல வேலையாம். வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கிறதில்ல, போட்டோவுக்கு மட்டும் ஆயிரத்தெட்டு கண்டிஷன்."

அந்த அம்மாள் இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்தாள். மாதத்தின் முதல் திங்கட்கிழமை வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, வெள்ளைத் திரைக்கு முன்னால் விறைப்பாக நிமிர்வாள். படம் அன்றைக்கே மெயிலில் போய்விடும்.

முதல் இரண்டு மாதம் ஒன்றும் தோன்றவில்லை. மூன்றாவது மாதம் கேமராவில் பார்த்ததும் ஸ்டூடியோக்காரருக்குத் திக்கென்றது. நெற்றிப்பொட்டு இரண்டும் குழி விழுந்திருந்தன. கன்ன எலும்பு துருத்திக்கொண்டு நின்றது.

"என்னம்மா, சாப்பிடுறீங்களா இல்லையா?"

"ஒரு ஆளுக்கு என்ன தம்பி சமையல்? அடுப்புப் பத்த வைக்கவே சலிப்பா இருக்கு. ரெண்டு பிஸ்கட்டைத் தண்ணில நனைச்சுத் தின்னா அன்னைக்குப் பொழுது போயிடும்."

"டாக்டர்கிட்ட காட்டுங்களேன்."

"வயசானா எல்லாருக்கும் வத்தத்தான் செய்யும்." அந்த அம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "தம்பி, முகத்தைக் கொஞ்சம் பூசினாப்ல காட்டி அனுப்ப முடியுமா? அவன் திரும்ப இன்னும் அஞ்சு மாசம் இருக்கு. இதைப் பார்த்தா வேலையைப் போட்டுட்டு ஓடி வந்துடுவான்."

ஓடி வந்துட்டாலும்! ஸ்டூடியோக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். பாவம், பெத்த மனசு அப்படித்தான் நினைத்துக்கொள்ளும்.

அவர் இளகின மனசுக்காரர். கல்யாணப் பெண்ணின் பருவையே காசு வாங்காமல் அழிப்பவர், இந்த அம்மாளுக்குச் செய்ய மாட்டாரா? முதல் மாதப் படத்திலிருந்த கன்னத்தை அப்படியே எடுத்து ஒட்டினார். பொட்டுக் குழியை நிரப்பினார். கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பைத் துடைத்தார். படத்தைப் பார்த்த அம்மாளின் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

"நல்லா இருக்கணும் தம்பி நீ" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் குச்சி குச்சியாக இருந்தன.

நாலாவது மாதம் கொஞ்சம் அதிகம் ஒட்ட வேண்டியிருந்தது. ஐந்தாவது மாதம் அதைவிட அதிகம். ஆறாவது மாதம் சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். அன்றைக்குப் படத்தைச் சரிசெய்ய ஒரு மணி நேரம் பிடித்தது.

"அந்தப் பையனுக்கு ஒரு வரி எழுதிப் போடலாமே" என்றாள் மனைவி.

"நமக்கெதுக்கு வம்பு? பெத்த பிள்ளைக்கே அக்கறை இல்லை."

ஏழாவது மாதம் அம்மாள் வரவில்லை. மகன் வந்தான். சவரம் செய்யாத முகம், தோளில் இன்னும் இறக்கி வைக்காத பை.

"நீங்கதான் எங்க அம்மாவைப் படம் எடுக்கிறவரா, அண்ணே?"

"ஆமா. இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்?" ஸ்டூடியோக்காரர் வெடுக்கென்று கேட்டார்.

அவன் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை.

"அம்மா மயங்கி விழுந்துட்டாங்கன்னு போன வாரம் பக்கத்து வீட்டுல இருந்து போன். ஆஸ்பத்திரில இருக்காங்க. ஆறு மாசமா சரியான சாப்பாடே இல்லாத உடம்புன்னு டாக்டர் சொல்றார். ரெண்டு மாசம் முன்னாடி கொண்டு வந்திருந்தாக்கூடத் தேத்தியிருக்கலாமாம். இப்போ கையை விரிச்சுட்டார்."

ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"டாக்டர் சொன்னதை நான் ஒத்துக்கல அண்ணே. போன்ல கேட்டா வயிறு முட்டச் சாப்பிட்டேன்னுதான் அம்மா சொல்வாங்க, அதை நான் நம்ப மாட்டேன். தூரத்துல இருந்துக்கிட்டு எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு ஒரு துறைமுகத்துல டாக்டரைக் கேட்டேன். வயசானவங்க சாப்பிடலைன்னா முகம் காட்டிக்கொடுத்துடும்னார். பொட்டுல குழி விழும், கன்னம் ஒட்டும். மாசம் ஒரு படம் ஒரே மாதிரி எடுத்து, வரிசையா வெச்சுப் பாருன்னார். அதான் உங்களை அந்தப் பாடு படுத்தினேன். முகம் கொஞ்சம் வாடினாலும் அடுத்த துறைமுகத்துல இறங்கிடுவேன்னு கேப்டன்கிட்ட சொல்லியே வெச்சிருந்தேன். மாசாமாசம் படம் வரும். பார்ப்பேன். நிம்மதியா வேலைக்குப் போவேன்."

அவன் மூச்சு வாங்கினான்.

"அந்தப் படங்களைக் காட்டி ஆஸ்பத்திரி டாக்டர்கிட்ட சண்டை போட்டேன். கேமராவுல எடுத்தபடியே இருக்கிற படம் வேணுங்கிறார். வெச்சிருக்கீங்கல்ல?"

கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு என்று சொல்லிவிடலாம். வாய் வரைக்கும் வந்துவிட்டது. மனைவி பிரேம் துடைப்பதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரைத் திறந்தார். திருத்தாத ஆறு முகங்களும் வரிசையாக வந்து நின்றன.

மகன் குனிந்து பார்த்தான். விரலை முதல் படத்தில் வைத்து, மெல்ல அடுத்ததுக்கு நகர்த்தினான். அதற்கடுத்ததில் விரல் நின்றது. கடைசிப் படம் வரை போய், மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தான்.

"அவங்கதான் கேட்டாங்க தம்பி... நீங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு... நல்லது செய்றதாத்தான் நெனச்சேன்..." என்றார் ஸ்டூடியோக்காரர்.

மகன் கோபப்படவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டான்.

"இதுல எந்த மாசம்ணே நான் கிளம்பி வந்திருக்கணும்?"