மேலடுக்கு

அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்காகக் கணினியில் படங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறாள் மூத்தவள். திரையின் வெளிச்சம் அவள் மூக்குக்கண்ணாடியில் நீலமாக மின்னுகிறது. ஒரே படத்திலிருந்து அம்மாவையும் தங்கையையும் தனித்தனியாக வெட்டி, ஆளுக்கொரு அடுக்காக வைத்திருக்கிறாள். ஒவ்வொரு அடுக்கின் பக்கத்திலும் அதைக் காட்டவும் மறைக்கவும் ஒரு குட்டிக் கண் சின்னம். தங்கையின் கண்ணை க்ளிக் செய்து மூடுகிறாள். தங்கை மறைந்துவிடுகிறாள், அம்மாவின் சிரிப்பு மட்டும் அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது. மூத்தவள் தன் படத்தை இழுத்துவந்து அங்கே நிறுத்துகிறாள். இப்போது அம்மா அவளைப் பார்த்துச் சிரிக்கிறாள். முதுகுக்குப் பின்னால் அம்மாவின் செருப்புச் சத்தம். “அழகா இருக்குடி. சின்னவ எங்க?” “இருக்காம்மா, இரு,” என்று முனகியபடி தங்கையின் அடுக்கின் கண்ணைத் திறக்கிறாள். மேலடுக்கிலிருந்த தங்கை நேராக அவள் முகத்தின்மேல் வந்து உட்கார்கிறாள். பின்னால் மூத்தவளின் ஒரு தோள் மட்டும் தெரிகிறது. அம்மா குனிந்து பார்க்கிறாள். “ஆங், இப்பத்தான் குடும்பம் முழுசா இருக்கு.”